வெங்காயப் பம்பில் குளித்த பிளேன்

"எங்கள் குடும்பம் பெரிதாகிறது" என்று ஒரு காலை கம்பனியிலிருந்து என் ஃபோனுக்கு அறிவித்தல் வந்தது. அந்த வசனத்தை அதற்கு முன் என் வாழ்க்கையில் இரண்டு தரம் கேட்டிருக்கிறேன். இரண்டு தரமும் சொன்னவள் என் மனுசி. இரண்டு தரமும் வாந்தி எடுத்தவளும் அவள்தான். மூன்றாம் தரம் கம்பனி சொன்னபோது வயிற்றைப் பிரட்டியது எனக்கு.

அப்போது நான் கற்பிட்டிக் களப்பில், எங்கள் பிளேனைக் கட்டிவைக்கிற மிதக்கும் மேடையில் நின்றுகொண்டிருந்தேன். கையில் ஒரு வெள்ளைக்காரனின் பட்டப் பை. காற்றில் பெரிய பட்டத்தைப் பிடித்தபடி பலகையில் ஏறித் தண்ணீரில் வழுக்கி ஓடுவதற்காகவே பூமியின் மறுபக்கத்திலிருந்து வருகிற ஆட்கள் அவர்கள். அவர்களையும், டொல்பின் பார்க்க வந்து கடைசியில் தங்களையே படம் எடுத்துக்கொண்டு போகிற கொழும்புக் குடும்பங்களையும் ஏற்றி இறக்குவதுதான் எங்கள் தொழில். யுத்தம் முடிந்து, வடக்கிலிருந்து வந்து எங்கள் பக்கம் குடியேறியிருந்த சனம் வானத்தில் சத்தம் கேட்டால் குனியாமல் நிமிர்ந்து பார்க்கப் பழகிக்கொண்டிருந்த காலத்தில் தொடங்கிய சின்னக் கம்பனி. காலுக்குப் பதிலாக இரண்டு மிதவை வைத்த பிளேன்கள் மூன்று. களப்பில் இறங்குவோம், களப்பிலிருந்து ஏறுவோம். ஊர்ச்சனம் அதைத் தண்ணிப் பிளேன் என்றார்கள். கம்பனி அதற்கு நீளமான ஓர் இங்கிலீஷ் பெயர் வைத்திருந்தது. அந்தப் பெயரை ஒரே மூச்சில் சொல்லக்கூடிய பயணியை நான் கடைசிவரை காணவில்லை.

அறிவித்தலின் மிச்சத்தை வாசித்தேன். எங்களைப் போலவே தண்ணிப் பிளேன் ஓட்டுகிற இன்னொரு கம்பனியோடு நாங்கள் ஒன்றாகிறோமாம். பலம் கூடுமாம். புதிய அடிவானங்களாம். ஒருவரும் கவலைப்படத் தேவையில்லையாம். அந்தக் கடைசி வரியை வாசித்த பிறகுதான் கவலைப்பட வேண்டும் என்றே எனக்குத் தோன்றியது.

கணக்கு லேசானது. அவர்களிடம் மூன்று பிளேன், எங்களிடம் மூன்று. டொல்பினோ ஆறு பிளேன் சனத்துக்குக் குதித்துக் காட்டுகிற அளவுக்கு இல்லை. மூன்று போதும். எங்கள் பழைய முதலாளி முந்தி பஸ் ஓடவிட்ட மனிதர். அதனால் அவர் வைத்த வழக்கம் என்னவென்றால், ஒவ்வொரு பிளேனுக்கும் அதற்கென்று இரண்டு கப்டன்மார், பஸ்ஸுக்கு டிரைவர் மாதிரி. பிளேன் ஓடாமல் நின்றால் அதன் கப்டன்மாருக்கும் வேலை நின்றுவிடும். களப்பில் நின்ற பிளேன் என்னுடையது. அதாவது, எனக்கும் சிலாபத்திலிருந்து வருகிற மற்றக் கப்டனுக்கும் உரியது. அது வெட்டுப்பட்டால் எனக்குப் பறப்பு முடிந்தது. நாற்பத்தாறு வயதில், தண்ணீரில் இறங்கப் பழகிய ஒருவனை எந்தப் பெரிய கம்பனி எடுக்கும்? கொழும்பில் கேட்டால் "உங்களை மாதிரி அனுபவம் உள்ளவர்கள்..." என்று தொடங்கி முடிக்காமலே தேத்தண்ணீர் ஊற்றித் தருவார்கள்.

பயத்தைப் பற்றி நான் ஒன்று சொல்ல வேண்டும். பைலட்மார் பயப்படமாட்டார்கள் என்று சனம் நினைக்கிறது. நாங்களும் அப்படி நினைக்கத்தான் விடுவோம். தோளில் நாலு தங்கக்கோடு, கண்ணில் கறுப்புக் கண்ணாடி, கதைக்கிற குரல் வயிற்றுக்குள் இருந்து வரும். எஞ்சின் இருமினாலும் முகத்தில் ஓர் இழை அசையாது. ஆனால் ஆட்களை வேலைக்கு எடுக்கிற கந்தோரிலிருந்து ஒரு மெயில் வந்தால் போதும், அந்த வீரன் கக்கூசில் இருந்து மூன்று தரம் அதை வாசிப்பான். எங்கள் ஃபோன் குழுவில் அதுவரை ஊத்தைப் பகிடிகள்தான் வந்துகொண்டிருந்தன. ஒரே கிழமையில் எல்லாரும் ஞானிகளானார்கள். சூரியன் உதிக்கிற படம், பூப்படம், "இன்றைய நாள் இனிதாகட்டும் சேர்". அந்தக் குழுவில் சேர் என்று ஒருவரும் இருக்கவில்லை. ஆனால் எங்கேயாவது ஒளிந்திருந்து வாசிக்கலாம் அல்லவா?

அவர்களைப் பார்த்துச் சிரிக்கிறேன். நானும் ஒரு பூப்படம் போட்டேன். தாமரை.

வீட்டில் நான் எதிர்காலத்தை ஆராயத் தொடங்கினேன். இத்தாலியில் இருக்கிற அண்ணன் ஃபோனில் சொன்னான், "வாடா, இங்க கிழவர்மாரைப் பாக்குற வேலை இருக்கு. காலையில குளிப்பாட்டி, சூப் குடுத்து, வெயில்ல இருத்திட்டா சரி." மனுசியின் தம்பி நுரைச்சோலை அனல்மின் நிலையத்தில் வேலை செய்கிறான். அவனிடம் ஒரு சொல்லு சொல்லிப் பார் என்றேன்.

"பிளேன் ஓட்டினவனுக்கு அங்க என்ன வேலை?" என்றாள்.

"ஏதாவது இருக்கும்."

"ஓம், இருக்கும். அந்தப் புகைக்கூட்டுக்கு மேல ஏறி நிண்டு பிளேன் ஏதும் முட்ட வருதா எண்டு பாக்கலாம். உயரம் உங்களுக்குப் பழக்கம்தானே."

இவளை நான் காதலித்துத்தான் கட்டினேன்.

இந்த நேரத்தில்தான் அந்தக் கதை வந்தது. கொழும்புப் பக்கம் பிளேன்களைப் பழுது பார்க்கிற கொட்டகையில் யாரோ யாருக்கோ சொன்னதாம். எங்கள் சிலாபத்துக் கப்டன் அதைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். அவன் என் வயதுக்காரன். சிங்களமும் தமிழும் ஒரே வாயில் கலந்து வருகிறவன். வேலை குறைவான இடத்தைக் கண்ணை மூடிக்கொண்டே கண்டுபிடிக்கக்கூடியவன்.

"மச்சான், சரியான கதை ஒண்டு கேள்விப்பட்டேன்," என்றான். "நிலைமை பாத்துத்தானாம் வெட்டப்போறாங்க. ஒவ்வொரு பிளேனா வந்து பாப்பாங்களாம்."

"அப்ப பழுதானது போகும், நல்லது நிக்கும்."

"வேற என்ன மச்சான்? கம்பனி லொக்காமார் எண்டாலும் அந்தளவு மூளை இருக்கும்தானே."

இரண்டு பேரும் சேர்ந்து இருபத்தைந்து வருசத்துக்கு மேல் பறந்தவர்கள். காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்று தண்ணீரின் நிறத்தைப் பார்த்துச் சொல்லக்கூடியவர்கள். எங்கள் இரண்டு தலைகளில் ஒன்றிலாவது இன்னொரு கேள்வி எழுந்திருக்கலாம். எழவில்லை. பிளேனைப் பைலட் பார்க்கிறது போலத்தான் கம்பனியும் பார்க்கும் என்று நம்பினோம். நல்ல பிளேனை ஒருவன் எதற்கு விடுவான்? இப்படி ஒரு மடத்தனம் பைலட்டுக்குத்தான் வரும். மாட்டு வியாபாரி ஒருவனிடம் கேட்டிருந்தால் வெற்றிலையைத் துப்பிவிட்டு உண்மையைச் சொல்லியிருப்பான்.

ஆக, பிளேனை அழகாக்குவது என்று முடிவெடுத்தோம்.

களப்பு உப்புத்தண்ணீர். அதில் இறங்கி ஏறுகிற பிளேனுக்கு உப்புத்தான் வியாதி. ஆணிக்குள் போகும், மூட்டுக்குள் போகும், அலுமினியத்தை வெள்ளைப் பொடியாக்கிவிடும். நாள் முடிவில் நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும் என்பது விதி. களப்பில் நாங்கள் அந்த விதியை இரண்டு வாளியால் நிறைவேற்றி வந்தோம். இனி அது போதாது. மேடைக்குப் பக்கத்தில் ஒரு வெங்காயத் தோட்டம் இருந்தது. மணலுக்குள் தோண்டிய கிணறு, சர்பத் போடலாம் போலத் தண்ணீர். தோட்டக்காரனிடம் போய் அவனுடைய மண்ணெண்ணெய்ப் பம்பை அந்திக்கு இரவல் கேட்டேன். என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"எதுக்கு கப்டன்?"

"பிளேனைக் கழுவ."

"கழுவினா முளைக்குமா?"

அன்றிலிருந்து ஒவ்வோர் அந்தியும், யூனிபோர்மைக் கழற்றிவிட்டு பெனியனும் சரமுமாக நான் பிளேனுக்கு மேல். சிலாபத்தான் கீழே பைப்பைப் பிடிப்பான். பிடித்தபடி ஃபோன் பார்ப்பான். தண்ணீர் என் முகத்துக்கு வரும். கழுவி, துடைத்து, கார் பொலிஷ் போட்டு, மிதவையின் வயிற்றுக்குள் ஊர்ந்து போய்ப் பழைய பல் தூரிகையால் ஆணி ஆணியாகத் தேய்த்தேன். என் சொந்தப் பல்லை அந்த அளவு கவனித்திருந்தால் கடைவாயில் இரண்டு இப்போதும் இருந்திருக்கும்.

எங்கள் படகோட்டி கற்பிட்டி முஸ்லிம் ஒருவர், அண்ணன் முறையில் எல்லாருக்கும் காக்கா. நாங்கள் இறங்குவதற்கு முன் படகில் சுற்றிப் போய், வலையோ கம்போ தண்ணீரில் இல்லை என்று பார்த்துப் பச்சைக்கொடி காட்டுவது அவர் வேலை. படகின் விளிம்பில் இருந்து பீடி குடித்துக்கொண்டு என்னைப் பார்ப்பார்.

"கப்டன் தம்பி, பிளேனுக்குக் கலியாணமா? இப்பிடிக் குளிப்பாட்டுறீங்க."

"விளங்காது காக்கா உங்களுக்கு. இது கம்பனி விசயம்."

"அதத்தான் நானும் செல்றேன். கம்பனிட பொருளுக்கு நீங்க ஏன் முதுகு தேய்க்கிறீங்க? வீட்டுல அவங்களுக்கு ஒரு நாள் தேய்ச்சீக்கீங்களா?"

வால் பக்கம் நகர்ந்து தேய்த்தேன்.

விசர் முற்றியது. பயணிகள் மணல் காலோடு ஏறுவதை என்னால் தாங்க முடியவில்லை. மேடையில் ஒரு பேசின், ஒரு துவாய் வைத்தேன். ஏறுகிறவர் எல்லாரும் கால் கழுவ வேண்டும். சிலர் குனியமாட்டார்கள், வயிறு விடாது. அவர்களுக்கு நானே கழுவினேன். பெரிய வியாழனன்று எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் சுவாமி பன்னிரண்டு பேருக்குக் காலைக் கழுவுவார், அதுவும் வருசத்துக்கு ஒரு தரம். நான் ஒரு நாளைக்கு மூன்று பூசை வைத்தேன். ஒரு ஜெர்மன்காரி கண் கலங்கி, இலங்கையின் விருந்தோம்பல் பற்றி இணையத்தில் எழுதினாள். அது என் சீற்றின் தோல் உறைக்காக என்று அவளுக்குத் தெரியாது.

ஒரு நாள் கொழும்புப் பெண் ஒருத்தி கையில் ஒரு பொதியோடு வந்தாள். மணத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது.

"இது கருவாடு. இதைப் பிளேனில் ஏற்றேலாது," என்றேன்.

"கட்டாக் கருவாடு கப்டன். நாலு பேப்பர் சுத்தியிருக்கு. போன மாசமும் கொண்டு போனேனே?"

"போன மாசம் வேற. இப்ப பிளேனுக்குள்ள மணம் நிக்கும். புதுக் கம்பனி, புதுச் சட்டம்."

அப்படி ஒரு சட்டம் இருக்கவில்லை. அந்தப் பெண் என்னை முழிசிப் பார்த்துவிட்டுப் பொதியைக் காக்காவிடம் கொடுத்தாள். காக்கா அதை வாங்கிக்கொண்டு, அவளுக்குக் கேட்காத மாதிரி என்னிடம் சொன்னார், "உங்கட அப்பா கருவாட்டு வாடிதானே வெச்சிருந்தார், தம்பி?"

ஓம். அப்பா கடற்கரையில் மீன் உலர்த்துகிற வாடிதான் வைத்திருந்தார். என் பள்ளிக்கூடச் சேட்டு கருவாடு மணத்தது, புத்தகம் மணத்தது, முதல் நற்கருணை எடுத்தபோது போட்ட வெள்ளைக் களுசானும் மணத்தது. அந்த மணத்தில் படித்துத்தான் நான் வானத்துக்குப் போனேன். இப்போது அதே வாயால் கருவாட்டுக்குத் தடை. அன்று பின்னேரம் கண்ணாடிக்கு முன் நின்றபோது அந்த ஆளைப் பார்க்க எனக்கே அருவருப்பாக இருந்தது. ஆனால் அடுத்த நாளும் தடையை எடுக்கவில்லை.

கடைசியில் அவர்கள் வந்தார்கள். புதிய கம்பனியின் பெரிய மனிதர் வேன் ஒன்றில் வந்து இறங்குவதற்கு முன்னமே அவருடைய வாசனை வந்துவிட்டது. களப்புக்கரை முழுக்கச் சேற்று மணமும் இறால் மணமும். அதற்கு நடுவில் ஒரு பூக்கடை நடந்து வருகிற மாதிரி. வாசனைத்துரை என்று மனதுக்குள் பெயர் வைத்தேன். கூர் மூக்குச் சப்பாத்து. மேடை ஆடும்போதெல்லாம் "ஓ, நைஸ்" என்றார், பயத்தில். அவரோடு உயரமான வெள்ளைக்காரன் ஒருவன். "இவர் எங்கட நண்பர்," என்று மட்டும் சொன்னார். நண்பன் கதைக்கவில்லை. ஒரு சின்ன டோர்ச்சை எடுத்துக்கொண்டு மிதவைக்குக் கீழே குனிந்தான், நகத்தால் சுரண்டினான், மூட்டுக்குள் விரலை விட்டு நாக்கில் வைத்து உப்பிருக்கிறதா என்று பார்த்தான். இஞ்சினியர் போலும் என்று நினைத்தேன். அவன் நாக்கில் உப்பு இல்லை. எனக்கு நெஞ்சு விரிந்தது.

பிறகு நான் வாயைத் திறந்தேன். திறந்தது மூடவில்லை.

"சேர், இந்தப் பிளேனுக்கு வயசு சொல்லேலாது. குளிரிலயும் ஒரே அடியில ஸ்டார்ட். எண்ணெய் குடிக்கிறது குருவி மாதிரி. மிதவையில ஒரு சொட்டுத் தண்ணி உள்ள வராது. உப்பு எண்டா என்ன எண்டே இதுக்குத் தெரியாது, சேர்."

"வேற யாரும் ஓட்டுறதில்லை," என்று சிலாபத்தான் சேர்த்தான். "நாங்க ரெண்டு பேர்தான். மெதுவா. மிச்சம் மெதுவா."

"எங்கட மற்ற ரெண்டு பிளேனும் பாத்தீங்களா சேர்?" என்று கேட்டேன். என் குரலில் அனுதாபம் சொட்டியது. "பாவம். ஒண்டுக்கு மிதவை நெளிஞ்சிருக்கு. மற்றதுக்கு வால் பக்கம் ஒரு சத்தம். அவங்க கவனிக்கிறதில்லை."

வாசனைத்துரை என் தோளில் தட்டினார். "கப்டன், நீங்க இதை ஒரு மனுசி மாதிரி வெச்சிருக்கிறீங்க."

வீட்டில் வந்து நான் இதைச் சொன்னபோது மனுசி சோற்றைப் போட்டபடி கேட்டாள், "எந்த மனுசி மாதிரி?"

அந்தக் கிழமை நான் எப்படிப்பட்ட ஆள் ஆனேன் என்பதை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன், வேறு ஒருவர் எழுதினால் இதைவிட மோசமாக எழுதுவார். நெளிந்த மிதவைக்காரர்கள் மீது எனக்குக் கருணை பிறந்தது. அவர்களுக்குத் தனித்தனியாகச் செய்தி அனுப்பினேன். "மனம் தளர வேண்டாம். ஒரு கதவு மூடினால் ஆண்டவர் இன்னொரு வழி விடுவார்." ஒருவனுக்கு இத்தாலி அண்ணனின் நம்பரையும் கொடுத்தேன். அன்னம்மாள் கோயிலுக்குப் போய் நன்றி மெழுகுதிரி கொளுத்தினேன். உப்பு நக்கிய வெள்ளைக்காரனுக்கும் சேர்த்து ஒன்று கொளுத்தினேன்.

சனிக்கிழமை காலை வாசனைத்துரை எனக்கு ஃபோன் எடுத்தார்.

"வாழ்த்துக்கள் கப்டன். உங்கட பிளேன்தான் முதலாவதாப் போகுது."

"நன்றி சேர். எங்க போகுது? திருகோணமலைக்கா?"

"இல்லை இல்லை. வித்தாச்சு. அண்டைக்கு வந்தாரே நண்பர், அவர்தான் எடுக்கிறார். கண்டவுடனே விருப்பம். இப்பிடி ஒரு சுத்தமான பிளேன் இந்தக் கடல் பக்கம் காணேலாதாம்."

நான் கதிரையைத் தேடினேன். பக்கத்தில் இருந்தது வாளி. அதில் இருந்தேன்.

"சேர், நிலைமை பாத்துத்தான் வெட்டுவீங்க எண்டு..."

"ஓம், நிலைமை பாத்துத்தான். நல்ல நிலைமை."

"அப்ப அந்த நெளிஞ்சது? வால் சத்தம் போடுறது?"

"அதுகளை யார் கப்டன் வாங்குவான்?" என்று சிரித்தார். "அதுகள் எங்களோடயே இருக்கும். ஓட்டுவோம்."

ஆறில் நல்ல மூன்றை விற்றுவிட்டு, ஒருவனும் வேண்டாத மூன்றை வைத்து ஒரு விமானக் கம்பனி நடத்தப் போகிறார்கள். அதைப் புதிய அடிவானம் என்று எழுதுகிறார்கள். நான் அந்த மனிதரைத் திட்டவேண்டும் என்று வாயைத் திறந்தேன். வந்த சொல் என்ன தெரியுமா? "சரி சேர்." அதற்குப் பிறகு, இன்னும் கேவலமாக, "குட் டே சேர்."

சிலாபத்தானுக்குச் சொன்னேன். "அனே மச்சான், நாங்க கழுவாம விட்டிருக்கலாம்," என்றான். பிறகு சிரிக்கத் தொடங்கினான். நானும் சிரித்தேன், என்ன செய்வது? இரண்டு கிழட்டுக் கழுதைகள் ஃபோனின் இரண்டு பக்கமும் நின்று கனைத்தோம். நெளிந்த மிதவைக்காரனிடமிருந்து அன்று பின்னேரமே எனக்குச் செய்தி வந்தது. நான் அனுப்பியதையே ஓர் எழுத்தும் மாற்றாமல் திருப்பி அனுப்பியிருந்தான். இத்தாலி நம்பரோடு.

பிளேனை எடுக்க நண்பன் அரைக்களுசானோடு வந்தான். வெறுங்கால். களப்புக்கரை மணல் முழங்கால்வரை. கையில் ஒரு மீன் ரோல். பேசின் மேடையில்தான் இருந்தது. அதைத் தாண்டி மணல் காலோடு ஏறி, ரோலைக் கடித்தபடி எஞ்சினை ஸ்டார்ட் பண்ணினான். ஒரே அடியில் பிடித்தது. காக்கா படகில் சுற்றி வந்து பச்சைக்கொடி காட்டினார். ரோல் துண்டைச் சீற்றில் வைத்துவிட்டு அவன் எனக்குக் கை அசைத்தான். நான் சல்யூட் அடித்தேன். ஏன் அடித்தேன் என்று இன்றைக்கும் தெரியாது.

பிளேன் போனால் கப்டன்மாரும் போக வேண்டும் என்பது பழைய வழக்கம். ஆனால் புதுக் கம்பனி இரக்கமுள்ளதாம். எங்கள் இரண்டு பேரையும் கொழும்புக் கந்தோருக்குக் கூப்பிட்டார்கள். குளிர் அறை, நடுவில் ஒரு கிண்ணத்தில் டொபி. வாசனைத்துரை இரண்டு கதிரைகளை எங்களுக்குக் காட்டிவிட்டு, இரண்டு வேலைகளையும் காட்டினார்.

"ஒண்டு தரையில. பிளேன்களின் தோற்றத்துக்குப் பொறுப்பான முகாமையாளர். உங்களுக்கு அதில நல்ல கை இருக்கு. கார் உண்டு, டை உண்டு, கந்தோர் உண்டு. மற்றது பறக்கிறது. வலது சீற்று."

பிளேனில் இடது சீற்று கப்டனுடையது. வலது சீற்றில் இருக்கிறவன் கப்டனுக்குக் கையாள். நான் வலது சீற்றை விட்டு எழும்பிப் பதினாலு வருசம்.

"யாருடைய வலது, சேர்?"

சொன்னார். மற்றக் கம்பனியிலிருந்து வந்த கப்டன், இருபத்தொன்பது வயது. பிளேன்? எங்கள் நெளிந்த மிதவைதான்; கப்டன்மாரை இனி மாற்றி மாற்றிப் போடுவார்களாம்.

"யோசிச்சுச் சொல்லுங்க," என்றார். "முகாமையாளர் எண்டா மதிப்பு. உங்கட வயசுக்கு..." அவரும் அந்த வசனத்தை முடிக்கவில்லை. டொபிக் கிண்ணத்தைத் தள்ளினார்.

சிலாபத்தான் யோசிக்கவில்லை. "தரை எனக்கு," என்றான், டொபியை உரித்தபடி. பஸ்ஸில் யன்னல் சீற் பிடிக்கிறவன் மாதிரி. இப்போது அவன் கழுத்தில் டையோடு, கையில் வெள்ளைக் கைலேஞ்சியோடு பிளேன் பிளேனாகத் தூசு தொட்டுப் பார்த்துத் திரிகிறான். கீழே இருக்கிறவர்கள் அவனைச் சேர் என்கிறார்கள். அவனுக்கு வாழ்க்கையில் இதைவிட நல்ல காலம் வந்ததில்லை.

நான் யோசிக்க ஒரு நாள் கேட்டேன். மானம் உள்ளவன் கேட்க வேண்டும் அல்லவா? வீட்டுக்கு வருகிற வழி முழுக்க பஸ்ஸில் ஒரு பேச்சைத் தயாரித்தேன். இருபத்தொன்பது வயதுப் பொடியனுக்குப் பக்கத்தில் இருந்து அவன் கேட்கிற எண்களை வாசிக்க நான் பிறக்கவில்லை. களப்பில் எத்தனை காற்றைப் பார்த்தவன். கதவைச் சாத்திவிட்டு வருவேன். மாதம்பை தாண்டும்போது அருமையான பேச்சு. முந்தலில் அதை இன்னும் கூராக்கினேன்.

மனுசி கதவைத் திறந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். பேச்சைத் தொடங்கினேன். பாதியில் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"பறக்கிற வேலை குடுத்தாங்களா, இல்லையா?"

"குடுத்தாங்க. ஆனா வலது..."

"சேட்டைக் கழட்டித் தாங்க."

தோள்பட்டையில் நாலு கோடு இருந்தது, வலது சீற்றுக்காரனுக்கு மூன்றுதான். ஊசியும் கத்தரிக்கோலும் எடுத்துக்கொண்டு யன்னல் பக்கம் இருந்து, பக்கத்துக்கு ஒன்றாகப் பிரித்தெடுத்தாள். பிரித்து முடிய, நூல் நின்ற இடத்தை நாக்கில் ஈரமாக்கிய விரலால் தேய்த்தாள். நான் பக்கத்தில் நின்று என் பேச்சின் மிச்சத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அடுத்த கிழமை வலது சீற்றில் ஏறினேன். பிளேன் கருவாடு, வியர்வை, வெள்ளைக்காரர் பூசுகிற வெயில் களிம்பு எல்லாம் சேர்ந்து மணத்தது. சீற்றின் உறை கிழிந்திருந்தது. பொடியன் கப்டன் கறுப்புக் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தான். கெட்டவன் இல்லை, வயிற்றிலிருந்து கதைக்க இன்னும் பழகுகிறவன்.

"அங்கிள், நான் சொல்லாம ஒண்டையும் தொடவேணாம்."

"ஓம், கப்டன்."

"நம்பரை மட்டும் வாசியுங்க."

"ஓம், கப்டன்."

வாசித்தேன். தண்ணீர் மிதவையை அடித்தது. நெளிந்த பக்கம் இழுத்தது. பொடியன் திருத்தினான், கொஞ்சம் பிந்தி. வாயில் ஒரு சொல் வந்தது, விழுங்கினேன். வேகம் கூடியது. அந்தக் கிழட்டுப் பிளேன் பக்கவாட்டில் ஆடி, இருமி, ஒரு கட்டத்தில் தண்ணீரைக் கைவிட்டது. கீழே களப்பு சரிந்தது, கண்டல் மரங்கள் பாசி போலச் சிறுத்தன, தூரத்தில் நுரைச்சோலைப் புகைக்கூடு விரல் அளவுக்கு வந்தது.

என் உடம்புக்கு வெட்கம் இல்லை. எந்தப் பக்கத்துச் சீற்றில் இருக்கிறோம் என்று அதற்குத் தெரியவில்லை. தோளில் எத்தனை கோடு என்று அது எண்ணவில்லை. வயிற்றுக்குள் அந்தப் பழைய கூச்சம் எழும்பி, நெஞ்சுக்கு வந்து, முகத்தில் பல்லாக வெளியே வந்துவிட்டது. இந்த ஆள் சாமான் வைக்கிற இடத்தில் மடங்கி இருக்கச் சொன்னாலும் வந்திருப்பான். இவனுக்காகவா நான் மாதம்பையிலிருந்து பேச்சுத் தயாரித்தேன்?

பொடியன் திரும்பிப் பார்த்தான்.

"என்ன அங்கிள் சிரிக்கிறீங்க? ஏதும் பிழையா?"

"இல்லை கப்டன்," என்றேன். "எண்ணெய் அமுக்கம் சரி. மற்றதெல்லாம் சரி."

"அப்ப வாசியுங்க."

வாசித்தேன்.